பழைய கார்ட்ரிட்ஜுக்கு எந்த டோன்ஆர்ம்? முதலில் அதன் ரப்பரைப் பாருங்கள்

ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணையும் (ஊசி எவ்வளவு எளிதில் அசையும் என்ற அளவு), அதைச் சுமக்கும் டோன்ஆர்மின் எஃபெக்டிவ் மாஸையும் (ஆர்மை அசைக்கும்போது ஊசி உணரும் எடை) சூத்திரத்தில் போட்டாலே பொருத்தம் தெரிந்துவிடுமே, அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புது கார்ட்ரிட்ஜ் என்றால் அவர் சொல்வது சரி. நாற்பது, ஐம்பது வருடம் ஆனதற்கு அந்த எண் பிறந்த அன்று எழுதிய எடைச் சீட்டு மாதிரி. ஊசியைத் தாங்கும் குச்சியான கேன்டிலீவரைப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன ரப்பர் வளையம் இன்று எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

என்னிடம் இருப்பது ஷூர் வி15 டைப் 3. 1973-ல் வந்தது, எடை 6 கிராம். கம்ப்ளையன்ஸ் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிளில் மாட்டினேன். ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் 12 கிராம், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 1 கிராம், கார்ட்ரிட்ஜோடு மொத்தம் 19. அதை 30-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் 6.7 ஹெர்ட்ஸ் வருகிறது, இதுதான் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக ஆடும் வேகம், அதாவது ஒத்ததிர்வு. நாம் விரும்புவது 8-லிருந்து 12 வரை. அதற்குக் கீழே போனால், வளைந்த ரெக்கார்டின் மேடு பள்ளமே ஆர்மை ஆட்டிவிடும், ஸ்பீக்கரின் ஊஃபர் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும்.

ஆனால் ஊஃபர் அசையவே இல்லை. சோதனை ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒலி 20-க்கு மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கும். ஆர்மின் ஒத்ததிர்வு எங்கே இருக்கிறதோ அந்த இடம் வந்ததும் ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நடுங்கும், கூடவே ஓடும் தொனியும் அலைபாயும். 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நடுங்கியது. திருப்பிக் கணக்குப் போட்டால் கம்ப்ளையன்ஸ் 13 தான். ரப்பர் இறுகிவிட்டது! 10 என்ற எண் அழகாக இருந்தாலும், ஊசிக்கு 1 கிராம் அழுத்தத்தில் உச்சஸ்தாயியில் பாடும் குரல் கரகரத்தது. 1.25-க்கு ஏற்றியும் அது முழுதாகப் போகவில்லை. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு "ஆர்ம் பொருந்திவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜைகோ நிறுவனத்தின் புது ஸ்டைலஸ் (ஊசி, கேன்டிலீவர், ரப்பர் சேர்ந்த பகுதி) போட்டதும் ஒத்ததிர்வு 7-க்கு இறங்கியது, ஊஃபரும் ஆட ஆரம்பித்தது. இப்போதுதான் ஆர்மை மாற்றுவதற்கு அர்த்தம் வந்தது. எஸ்எம்இ 3009 சீரிஸ் 3 ஆர்முக்குக் கொண்டுபோனேன், அதன் எஃபெக்டிவ் மாஸ் 5 கிராம்தான். மொத்தம் 12 ஆனதும் நடுக்கம் 9-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. 1 கிராமில் அதே பாட்டு, அதே இடம், குரல் சுத்தமாக இருந்தது. எனக்கு அந்த வித்தியாசம் இன்னமும் பெரிய சந்தோஷம்.

டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் போக வேண்டும். 1962-ல் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவானது, 8.5 கிராம், அழுத்தம் 2.5 கிராம், இறுக்கமான கேன்டிலீவர். காகிதத்தில் கம்ப்ளையன்ஸ் 5 என்று இருக்கும். ஆனால் ஜப்பானியர்கள் அதை 100 ஹெர்ட்ஸில் அளப்பார்கள், நம் கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் அளவு வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள், 8 என்றால் பெரும்பாலும் ஒத்துவரும். லேசான எஸ்எம்இயில் அது 15 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், கேட்கும் எல்லைக்கு ரொம்பப் பக்கம். எஸ்எல்-1200-உடன் வரும் 7.5 கிராம் ஹெட்ஷெல்லைக் கழற்றிவிட்டு 15 கிராம் ஒன்றை மாட்டினால் 10.5-க்குள் வந்துவிடும். பின்னால் சமநிலை கிடைக்கவில்லை என்றால் துணை எடையைத் திருகிக்கொள்ளுங்கள். ஹெட்ஷெல்லில் சேர்க்கும் கிராம் முழுசாகக் கணக்கில் சேரும். பின்னால், அச்சுக்குப் பக்கத்தில் சேர்ப்பது கொஞ்சம்தான் சேரும்.

* * *

நல்ல பதிவு. ரப்பர் இறுகுவது ஒரு பக்கம் என்றால், எனக்கு வாய்த்தது தளர்ந்து போனது. பழைய ஏடிசி கார்ட்ரிட்ஜ் ஒன்று, மிக லேசான ஆர்மில்தான் இருந்தது, காகிதப்படி எல்லாம் சரி. லென்ஸை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது ஊசி பள்ளத்தில் இறங்கியதும் கேன்டிலீவர் மேலே மடங்கி, கார்ட்ரிட்ஜின் அடிவயிறு ரெக்கார்டை உரசாத குறையாக நின்றது. கொஞ்சம் வளைந்த ரெக்கார்டு என்றால் தொட்டே விடும். இதற்கு எந்த ஆர்மும் மருந்தில்லை, ஸ்டைலஸைத்தான் மாற்ற வேண்டும். வாங்கப் போகும்போது இதை மட்டும் பார்த்துவிடுங்கள், அரை நிமிடம் போதும்.

ஆர்டோஃபான் எஸ்பியு கார்ட்ரிட்ஜ் பக்கம் யாராவது யோசித்தால்: 1959-ல் வந்த அது ஷெல்லோடு சேர்ந்தே 30 கிராம் அளவில் இருக்கும், 4 கிராம் அழுத்தம் கேட்கும். சாதாரண ஆர்மின் பின்னால் இருக்கும் சமன் எடை (கவுண்டர்வெயிட்) அதைத் தூக்கவே தூக்காது.

* * *

ஏடிசி விஷயம் ரொம்பச் சரி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: ஷூர் வி15 டைப் 4-ன் முன்னால் இருக்கும் கார்பன் பிரஷ்ஷை இறக்கிவிட்டால் அதன் டேம்பிங்கே நடுக்கத்தைப் பெரிதும் அடக்கிவிடும், அதனால் 12 கிராம் ஆர்மிலும் அது ஓடும். பிரஷ் அரை கிராமைத் தாங்கிக்கொள்ளும், ஆகவே ஊசிக்கு 1 கிராம் வேண்டுமென்றால் ஆர்மில் 1.5 வையுங்கள்.