லாட்ஜ் கவுண்டரில் ஆதார்: நகல் கொடுக்கணுமா, காட்டினால் போதுமா?

பெரியகடை:
சனிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ரூம் கேட்டுப் போனால் பல இடங்களில் ஒரே பாட்டுதான்: "ஆதாரை இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க சார்." அது ரிசப்ஷன் பையனின் சொந்த நம்பராக இருக்கும். படம் அவன் கேலரியில் விழும், அங்கிருந்து கூகுள் போட்டோஸில் ஏறும். வேலையை விட்டு அவன் போகும்போது போனும் கூடவே போகும். அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நகல் எதற்கு? ஆதார் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 8ஏ பிரிவு, ஆஃப்லைனில் (ஆதார் ஆணையத்தின் சர்வரைக் கேட்காமல்) சரிபார்ப்பவர் ஆதார் எண்ணை வாங்கவோ, பயன்படுத்தவோ, சேமிக்கவோ கூடாது என்கிறது.

உப்பனாறு:
சட்டத்தைப் படிச்சுட்டு வந்து எங்க லாட்ஜ் கவுண்டரில் ஒரு ராத்திரி உட்காருங்க சார். போலீஸ் வந்து "104ல யாரு?" என்றால் பதிவேட்டில் பேரும் ஊரும் காட்டினால் போதாது. "ப்ரூஃப் எங்கே?" அதுதான் அடுத்த கேள்வி. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தோடு படிவத்தை ஆன்லைனில் ஏற்றணும். அங்கே யாரும் அந்தரங்கம் பேசுவதில்லை. இன்னொன்று, வெறும் ஆதார் எண்ணை வைத்து யாரும் உங்க பணத்தை எடுத்துவிட முடியாது. சும்மா பயமுறுத்தாதீங்க.

கெடிலம்:
எண் மட்டும் போதாது, அது சரி. ஆனால் ஏஇபிஎஸ் எனும் ஆதார் வழிப் பணப் பரிமாற்ற முறையில் பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை, இந்த மூன்று போதும். ஓடிபி கேட்காது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் பிரதி எடுத்துப் பணம் சுருட்டிய வழக்குகள் உண்டு. மூன்றில் ஒன்றை லாட்ஜ் நகல் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

உப்பனாறு:
உயிருள்ள விரலா, போலி ரேகையா என்று கண்டுபிடிக்கும் முறையை ஆதார் ஆணையம் 2023லேயே கொண்டுவந்துவிட்டது. அதையும் சொல்லுங்க.

கெடிலம்:
கொண்டுவந்தது, உண்மை. அதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம் என்றுதான் கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாமல் பூட்டி வைக்கும் பயோமெட்ரிக் லாக் வசதி இருக்கு. மைஆதார் தளத்திலோ எம்ஆதார் செயலியிலோ ஓடிபி போட்டு லாக் செய்யலாம். மொபைல் எண் ஆதாரில் பதிவாகி இருக்கணும். லாக் ஆனபின் யார் விரல் வைத்தாலும் 330 என்ற பிழை எண் வரும். கடலூர்ப் பக்கம் ரேஷன் கடையில் விரல் வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். மெஷின் பழுது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். விரல் வைக்கும் நேரத்தில் அங்கேயே தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்க.

நகல் கொடுத்தே ஆகணும் என்றால் மாஸ்க்டு ஆதார் கொடுங்க. மைஆதாரில் 'டவுன்லோட் ஆதார்' போய், மாஸ்க்டு என்ற கட்டத்தில் டிக் போட்டு இறக்கணும். பிடிஎஃப் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் (பெரிய எழுத்தில்), அதோடு பிறந்த வருடம். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். நாமே அடித்து மறைப்பதில்தான் வினை. போனில் ஹைலைட்டர் பிரஷ்ஷால் கருப்பு பூசினால் அது முழுக்க மறைக்காது. படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் எண் மேலே வரும். ஜெராக்ஸில் பேனாவால் அடித்ததை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். மாஸ்க்டு பிரதியிலும் கியூஆரை ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் வரும். மறைவது எண் மட்டும்தான்.

வில்லியனூர் வக்கீல்:
பெரியகடை சொன்ன 8ஏ சரி. லாட்ஜ் தரப்பு "நாங்க ஸ்கேன் எதுவும் செய்யலையே, சும்மா பார்த்தோம்" என்று தப்பப் பார்க்கும். ஆதார் ஆணையத்தின் 2021 ஒழுங்குமுறைகளில் காகித ஆதாரைப் பார்த்துச் சரிபார்ப்பதும் ஆஃப்லைன் வகைகளில் ஒன்று, ஆகவே அந்த வாதம் நிற்காது. ஆனால் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ வாங்கினால் 8ஏ வராது. விருந்தினரும் இதைக் கவனிக்கணும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 24 ஆகஸ்ட் 2017ல் சொன்னது எல்லோருக்கும் தெரியும். கவுண்டரில் அது உடனே வேலைக்கு ஆகாது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் நேரடியானது. நோக்கம் முடிந்ததும் அழிக்கணும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் ஒழிய. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம்.

பெரியகடை:
250 கோடியில் பாதிக்கப்பட்டவனுக்கு எவ்வளவு?

வில்லியனூர் வக்கீல்:
ஒரு காசும் இல்லை. 34வது பிரிவுப்படி அபராதம் மொத்தமும் அரசின் கஜானாவான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்.

உப்பனாறு:
அது டிஜிட்டல் தரவுக்கான சட்டம் தானே? அப்போ வாட்ஸ்அப்பை விட்டுட்டு ஜெராக்ஸ் வாங்கி ஃபைலில் போடறோம். பிரச்னை தீர்ந்ததா?

வில்லியனூர் வக்கீல்:
3வது பிரிவுப்படி காகிதமாகவே இருக்கும்வரை அந்தச் சட்டம் தொடாது. ஸ்கேன் செய்த நிமிஷம் உள்ளே வந்துவிடும். 8ஏ காகிதத்துக்கும் பொருந்தும், அதை மறந்துடாதீங்க.

பெரியகடை:
ஃபைல் நிறைந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போகும். யாரோ ஒருவர் ஆதாரில் பஜ்ஜி மடித்துத் தருவார்கள். "ப்ரூஃப் எங்கே" என்று கேட்பவர்கள் "நகல் வாங்கி வை" என்று எழுத்தில் தரட்டும், அதன்பிறகு பேசலாம்.

உப்பனாறு:
எழுத்தில் கேட்கிற தைரியம் சின்ன லாட்ஜுக்கு வராது தம்பி, லைசன்ஸ் புதுப்பிக்க அவங்ககிட்டேயே போகணும். அட்டையைப் பார்த்து, கடைசி 4 இலக்கத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது எங்களுக்கும் வேலை மிச்சம். ஆனா போலி அட்டையைக் கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாளைக்கு வழக்கு வந்தா நகல்தான் எங்களைக் காப்பாத்தும்.

கெடிலம்:
நகல் வாங்கினாலும் போலி போலிதான் அண்ணே. ஆதார் கியூஆர் ஸ்கேனர் செயலியைப் போடுங்க. கியூஆரில் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கு. போலியாகத் தயாரித்த கியூஆர் அதில் தேறாது. திரையில் வரும் போட்டோவை ஆளோடும் அட்டையோடும் ஒப்பிட்டுப் பாருங்க, முடிந்தது. லேமினேட் அட்டையில் ட்யூப்லைட் பட்டால் ஸ்கேன் ஆகாது, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கணும். மங்கிய ஜெராக்ஸில் பெரும்பாலும் வராது. போனில் பிடிஎஃப் திறக்கச் சொல்லி, பெரிதாக்கி ஸ்கேன் பண்ணுங்க.