‘ஐ வுட்ன்ட் மைண்ட்’ என்று பையர் எழுதினால் ஆர்டர் வருமா?

வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிக் கடிதங்களை நான்தான் பார்க்கிறேன். லண்டன் வியாபாரி ஒருவருக்கு பெங்களூரா, அல்போன்சா என்ற இரண்டு மாம்பழ ரகங்களின் கூழுக்கும் விலை அனுப்பினோம். “ஐ வுட்ன்ட் மைண்ட் ட்ரையிங் தி அல்போன்சா” என்று பதில் வந்திருக்கிறது. “ஆட்சேபணை இல்லைன்னுதானே சொல்றார், ஆர்வமே காணோமே” என்கிறார் முதலாளி. எனக்குத் தெரிந்து, பிரிட்டிஷ்காரர்கள் விருப்பத்தை அடக்கிச் சொல்லும் விதம் இது. “ஐ வுட்ன்ட் மைண்ட் எ காபி” என்றால் காபி கிடைத்தால் நல்லது என்றுதான் அர்த்தம். ஆனால் வியாபாரக் கடிதத்தில் அந்த விருப்பத்தை எவ்வளவு நம்பலாம்? சாம்பிள் டின்னை உடனே அனுப்பலாமா, இல்லை எத்தனை டன் தேவை என்று முதலில் கேட்பதா? வெளிநாட்டு பையர்களோடு பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சீசன் முடிவதற்குள் பதில் எழுதியாக வேண்டும்.