புது பேட்டரி மாட்டியும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். 2014 பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய பேட்டரி நாலு வருஷம் உழைத்துவிட்டுப் போன வாரம் படுத்துவிட்டது. பக்கத்துக் கடையில் சொன்னேன், பையன் ஒருவன் வீட்டுக்கே வந்து பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டினான். அவன் எதிரிலேயே ஸ்டார்ட் ஆனது, அன்றைக்கு வேளச்சேரி வரை போய்விட்டும் வந்தேன். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’, அவ்வளவுதான். டாஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் அணைந்துவிடுகிறது. சாவியை விட்டதும் மறுபடி எரிகிறது, ஆனால் கடிகாரம் மட்டும் 1:00-க்குப் போய் நிற்கிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹார்னும் ஊரைக் கூட்டுகிறது. நேற்று நானும் வாட்ச்மேன் அண்ணனும் தள்ளி, செகண்ட் கியரில் விட்டதும் உயிர் வந்தது. நிறுத்தினால் மறுபடி அதே கதை. கடையில் கேட்டால் “பேட்டரி புதுசு சார், உங்க ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருக்கும்” என்கிறார்கள். மெக்கானிக்கும் ஸ்டார்ட்டரைக் கழற்றினால்தான் தெரியும், 3,500 ரூபாயாவது ஆகும் என்கிறார். கழற்றச் சொல்லிவிடவா?

பழைய_அம்பாஸிடர்:
கழற்றாதீர்கள், பொறுங்கள். புது பேட்டரி என்பதால் சார்ஜ் நிறைந்திருக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்? கடையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்தான். ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு காலையில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பத்தில் எட்டு கேஸ் இதுதான்.

கொளத்தூர்க்காரி:
எனக்கு இதே மாதிரி வந்தபோது காரணம் எர்த் வயர். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு கனமான வயர் போகும் இல்லையா, அது போல்ட் போட்ட இடத்தில் பச்சை பூத்துக் கிடந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றதன் பலன், பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டியது. நீங்கள் மடிப்பாக்கம் வேறு, கேட்கவே வேண்டாம். அதையும் பாருங்கள். அப்புறம் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு, சாவியை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனால் அந்தக் கோளாறில் டாஷ்போர்டு மொத்தமாக அணையாது.

வயரிங்_பாய்:
அம்பத்தூரில் பதினெட்டு வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கேள்வியிலேயே விடை இருக்கிறது சார், அந்தக் கடிகாரம்.

ஸ்டார்ட்டர் மட்டும் கெட்டிருந்தால் ‘டக்’ என்ற பிறகும் டாஷ்போர்டு எரிந்துகொண்டுதான் இருக்கும். பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருந்தால் ஒரு ‘டக்’கோடு நிற்காது, ‘டகடகடக’ என்று அடித்துக்கொள்ளும். கடிகாரம் அழிகிறது என்றால் அந்த நொடியில் வண்டிக்கு மின்சாரமே வரவில்லை, அதாவது பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் எங்கேயோ பிடிப்பு இல்லை. ஹெட்லைட் எரிகிறதே என்று கேட்பீர்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர்கூட இழுக்காது, ஸ்டார்ட்டர் 100-க்கு மேல் இழுக்கும். நூல் மாதிரி ஒரு தொடர்பு இருந்தால் விளக்குக்குப் போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது.

மீட்டர் வாங்கினால் இப்படிச் செய்யுங்கள். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முள்ளையும் பேட்டரியின் ஈயத் தண்டு மேலேயே வையுங்கள், நாங்கள் போஸ்ட் என்போம். அடுத்த தடவை தண்டை விட்டுவிட்டு, அதைக் கவ்வியிருக்கிற கிளாம்ப் இரண்டின் மேலும் வையுங்கள். இரண்டு இடத்திலும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை. தண்டில் 12 நின்று கிளாம்பில் மட்டும் விழுந்தால் பேட்டரி மேல் குற்றமே இல்லை, கோளாறு கவ்வுகிற இடத்தில்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதை இன்றோடு விடுங்கள். ஓடும்போது அந்தப் பிடிப்பு விட்டால், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரேயடியாக எகிறி, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவில் போய் அடிக்கும். அப்புறம் 3,500 ரூபாய் எல்லாம் சில்லறைக் காசாகத் தெரியும்.

மடிப்பாக்கத்தான்:
மீட்டர் வாங்கிவிட்டேன். காலையில் 12.6, ஆக @பழைய_அம்பாஸிடர் அண்ணா, இந்தத் தடவை அந்த எட்டில் நான் இல்லை. மனைவி சாவியைத் திருப்ப, தண்டில் 12.5, கிளாம்பில் 2-க்கும் 3-க்கும் நடுவே. மைனஸ் தண்டில் ஒரு முள், மைனஸ் கிளாம்பில் ஒரு முள் வைத்துப் பார்த்தால் அந்த அரை அங்குலத்துக்குள் 9 வோல்ட் காணாமல் போகிறது!

கிளாம்பைப் பிடித்துத் திருகினேன், பாட்டில் மூடி மாதிரி சுற்றுகிறது. போல்ட் என்னவோ முழுக்க இறுகித்தான் இருக்கிறது, கிளாம்பின் வாய் ஒன்றோடொன்று முட்டி நிற்கிறது. கழற்றினால் உள்ளேயிருந்து ஒரு மர ஸ்க்ரூ கீழே விழுந்தது. கதவு கீலுக்குப் போடுவோமே, அதே ஸ்க்ரூ. தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சொருகியிருக்கிறான். பிளஸ் பக்கம் ஒரு தகரத்தை மடித்து வைத்திருக்கிறான். போட்டோ எடுத்து மனைவியிடம் காட்டினேன், “இதுக்குத்தான் ஸ்டார்ட்டரைக் கழட்டச் சொன்னாங்களா?” என்று ஒரே சிரிப்பு.

வயரிங்_பாய்:
ஸ்க்ரூ புரி ஈயத்தில் இரண்டு மூன்று இடத்தில்தான் தொடும். முதல் நாள் இறுக்கமாக இருந்தபோது ஓடியிருக்கும், பள்ளம் மேடு எல்லாம் ஏறி இறங்கியதும் ஈயம் நசுங்கி இளகிவிட்டது. பேட்டரி மேல் நம்பர் என்ன எழுதியிருக்கிறது, பழைய பில்லில் என்ன இருக்கிறது, இரண்டையும் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தான்:
புதியதில் 55B24L. பழைய பில்லில் 55B24LS.

வயரிங்_பாய்:
பார்த்தீர்களா, அந்த S தான் விஷயம். 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். L என்பது பிளஸ் எந்தப் பக்கம் என்பதற்கு. கடைசியில் S இருந்தால் தடித்த போஸ்ட், பிளஸ் 19.5 மில்லிமீட்டர், மைனஸ் 17.9. S இல்லாவிட்டால் மெல்லிய போஸ்ட், 14.7, 13. டப்பா ஒரே அளவுதான், தட்டில் கச்சிதமாக உட்காரும், அதனால் மாட்டுகிறவனுக்குச் சந்தேகமே வராது. உங்கள் வண்டி கிளாம்ப் தடித்த போஸ்டுக்கானது, கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் காலியாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கவ்வாது. சுத்தியலால் தட்டி வாயை நசுக்காதீர்கள். மெல்லிய போஸ்டைத் தடிமனாக்க அதன் மேல் மாட்டுகிற ஈய ஸ்லீவ் கிடைக்கும், பிளஸுக்கு ஒரு அளவு, மைனஸுக்கு ஒரு அளவு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தண்டு மேலே போகப் போகக் குறுகும், அதனால் ஸ்லீவும் கிளாம்பும் அடிவரை இறங்கி உட்கார வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

என்னைக் கேட்டால் ஸ்லீவ் தற்காலிகம். கடையில் LS கேட்டு வாங்குங்கள், தவறு அவர்களுடையது.

கொளத்தூர்க்காரி:
கழற்றியதுதான் கழற்றினீர்கள், கிளாம்பின் உள்பக்கத்தை வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எர்த் வயரையும் மறக்காதீர்கள்.

மடிப்பாக்கத்தான்:
அப்டேட். புதுப்பேட்டையில் ஸ்லீவ் ஜோடி 60 ரூபாய்க்குக் கிடைத்தது. சோடா போட்டுத் தேய்த்து மாட்டினேன், பாதி சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஓடும்போது 14.2 வோல்ட், ஆல்டர்னேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. எர்த் வயர் போல்ட்டில் லேசாகத் துரு இருந்தது, உப்புக்காகிதம் போட்டுச் சுத்தம் செய்துவிட்டேன்.

கடைக்குப் போன் செய்தேன். “ரெண்டும் ஒண்ணுதான் சார், ஒரு எழுத்துதான் வித்தியாசம்” என்றான் பையன். முதலாளியிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்க்ரூ போட்டோவை அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம் திங்கட்கிழமை LS எடுத்து வந்து மாற்றித் தருவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு சந்தேகம். டிரைவர் பக்கக் கண்ணாடி இப்போது ஒரே அழுத்தில் முழுக்க ஏற மாட்டேன் என்கிறது, விட்டு விட்டுத்தான் ஏறுகிறது. இதுவும் அதனால்தானா?

பழைய_அம்பாஸிடர்:
கரண்ட் போனதில் அது தன் எல்லையை மறந்துவிட்டது, அவ்வளவுதான். கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, மேலே முட்டிய பிறகும் சுவிட்சை விடாமல் சில வினாடி பிடித்திருங்கள். பெரும்பாலான வண்டிக்கு இதுதான் வழி, சிலதில் வேறு மாதிரி இருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

மடிப்பாக்கத்தான்:
ஏறிவிட்டது அண்ணா. திங்கட்கிழமை பேட்டரி மாற்ற வரும்போது அந்தப் பையனிடம் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டாஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன்.