புதுப்பிப்பு: ஏலகிரி குழுப் பயணம் போய் வந்தாச்சு

பைக் ஓட்டப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, வேலூரிலிருந்து ஏலகிரி போகும் குழுவோடு சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் தைரியமாகப் போகச் சொன்னீர்கள். போய் வந்துவிட்டேன்.

கிளம்பும்போதே முன்னால் ஓட்டுகிற அண்ணன், "தம்பி, நீ எனக்குப் பின்னாடியே வா" என்றார். வரிசையின் வாலில் இருப்பவர்தான் இடைவெளியைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை அதிகம் முறுக்க வேண்டியிருக்குமாம். அதனால் வாலில் பழகிய கை ஒருவர் வந்தார், பஞ்சர் கிட்டோடு. நெடுஞ்சாலையில் ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம். முன்வண்டியோடு இரண்டு விநாடி இடைவெளி. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தவில்லை, அந்த வருத்தம் மட்டும் இருக்கிறது.

ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில் மலைப்பாதைக்குத் திரும்பியதும் ஒற்றை வரிசை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைக்கச் சொன்னார் அண்ணன். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழியையே பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும். இறங்கும்போது கிளட்ச்சைப் பிடித்தபடி உருளக் கூடாது, என்ஜினே பாதி பிரேக். பஸ் ஹாரன் கேட்டால் ஓரங்கட்டி நின்றோம். வளைவில் அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

150 சிசி பைக் போதுமா என்று கேட்டவருக்கு: தாராளமாகப் போதும். அடுத்த பயணம் போளூர் வழியாக ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூர்.