ஞாயிறு சமைத்து வாரம் முழுக்கச் சாப்பிடுவது: பிரீசரா, சட்டியா?

பூச்சோங்_பட்ஜெட்:
நான்கு பேர், இரண்டு கதவு பிரிட்ஜ், மேலே 60 லிட்டர் பிரீசர். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 2 கிலோ கோழிக்கறி (உருளை, தேங்காய்ப்பால் சேர்த்து), 3 லிட்டர் சாம்பார், 1 கிலோ கெம்போங் மீன் குழம்பு, ஆறு கப் அரிசிச் சோறு. ஆறியதும் அத்தனையையும் பிரீசரில் அடைத்துவிடுவதாகத் திட்டம். தப்பாவ் (கடையில் கட்டி வாங்கும் சாப்பாடு) ஒரு பொட்டலம் 10 ரிங்கிட் என்று வைத்தாலும் ஐந்து மதியத்துக்கு 200 ரிங்கிட் போய்விடுகிறது. வீட்டுப் பெரியவர்களோ, குழம்பைச் சட்டியிலேயே வைத்துக் காலையும் மாலையும் சூடு காட்டினால் போதும், ஐஸில் வைத்தால் ருசி செத்துப்போகும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பிறை_மண்சட்டி:
பெரியவங்க சொல்றதுதான் சரி. மீன் குழம்பு மறுநாள்தான் ருசிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். உங்க பட்டியல்ல பாதி பிரீசருக்கு ஆகாத சாமான். உருளைக்கிழங்கு உறைஞ்சு இளகினா பஞ்சு மாதிரி ஆகிடும், கடிச்சா தண்ணி வரும். தேங்காய்ப்பால் திரிஞ்சு எண்ணெய் தனியா, திப்பி தனியா நிக்கும். சாம்பார்ல முருங்கைக்காய், கத்திரிக்காய் போட்டிருந்தா கூழ்தான்.

உறைய வைக்கணும்னா மசாலாவை மட்டும் வைங்க. 1 கிலோ வெங்காயம், 150 கிராம் இஞ்சி பூண்டு விழுது, அரை கிலோ தக்காளி, 100 கிராம் கறித்தூள். எண்ணெய் பிரியுற வரை வதக்கி ஆறு பொட்டலமாக் கட்டுங்க. வேலை முடிஞ்சு வந்து ஒரு பொட்டலம் சட்டியில போட்டு அரைக் கிலோ கோழியைச் சின்னத் துண்டா வெட்டிப் போட்டா அரை மணியில கறி. இதுக்கு மேல என்ன வேணும்?

டிகிரி_வாத்தியார்:
மசாலாப் பொட்டலம் நல்ல யோசனை, அதில் சண்டை இல்லை. சட்டியை அடுப்பில் விட்டுவைப்பதில்தான் சண்டை.

கோழிக்கறி, பருப்பு, சாம்பார் மாதிரிப் பெரிய சட்டியில் செய்தவற்றில் குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சட்டி மெல்ல ஆறி 50 டிகிரிக்குக் கீழே வந்ததும் முளைக்கும். 45 டிகிரி வாக்கில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 5 லிட்டர் சட்டி மூடியோடு நம் ஊர்ச் சமையலறையில் ஆற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கையை வைத்துப் பாருங்கள். நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். காலையில் காட்டும் சூடு முளைத்ததைக் கொல்லும். வித்து தப்பித்து மறுபடி ஒரு பகல் முழுக்க இடம் கிடைக்கக் காத்திருக்கும்.

புளிக்குழம்பில் கிருமி மெதுவாக வளரும் என்பது உண்மை. ஆனால் அந்தப் புளிப்பை நாக்குத்தான் அளக்கிறது. ஒரு பொட்டலம் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றினால் அந்தக் காவலும் தளர்ந்துவிடும்.

கணக்கு இதுதான்: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த சாப்பாடு மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். கோலாலம்பூர் மதியத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சோங் எழுதியதில் எனக்கு உறுத்துவது அந்த ‘ஆறியதும்’தான். தானாக ஆற விடக்கூடாது, ஆற வைக்க வேண்டும்.

பிறை_மண்சட்டி:
வாத்தியாரே, ராத்திரி முழுக்க வெளியில இருந்த பழைய சோற்றைத் தின்னு வளர்ந்த கூட்டம்தானே நாமெல்லாம்? தோட்டத்துல யாரு தெர்மாமீட்டர் வெச்சிருந்தா?

டிகிரி_வாத்தியார்:
பழைய சோறு தண்ணீருக்குள் கிடந்து புளிக்கிறது. லாக்டிக் அமிலம் ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு இடம் சுருங்கும். அதற்காக அது முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் சுவிட்சை அணைத்த குக்கரில் ராத்திரி கிடக்கும் உலர்ந்த சோறு வேறு கதை. அதில் பசில்லஸ் சீரியஸ் வளர்ந்து நஞ்சைக் கக்கிவிட்டால், எத்தனை முறை பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. நாசி கோரெங் (பொரித்த சோறு) செய்து காப்பாற்றிவிடலாம் என்பதெல்லாம் கனவு. குக்கரின் ‘வார்ம்’ 60 டிகிரிக்கு மேல் பிடித்தால் அதிலேயே விடுங்கள், இல்லையென்றால் ஒரு மணிக்குள் எடுத்துத் தட்டில் பரப்பி ஆற்றிக் குளிரில் வையுங்கள். பிரிட்ஜில் சோறு ஒரு நாள்தான்.

செந்தூல்_சமையற்கட்டு:
இரண்டு பேரும் கிருமியையே பார்க்கிறீர்கள், பெட்டியின் அளவை யாரும் பார்க்கவில்லை. பூச்சோங் சொன்னது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 10 கிலோ. 60 லிட்டர் பிரீசர் ஒரு நாளில் 2 கிலோ, மிஞ்சிப்போனால் 3 கிலோவைத்தான் ஒழுங்காக உறைய வைக்கும். 10 கிலோவைத் திணித்தால் ஏற்கெனவே உள்ள ஐஸ்கிரீமும் இளகும், நடுவில் இருக்கும் டப்பா திங்கட்கிழமையும் கூழாகவே கிடக்கும்.

ஆகவே பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாய்க்கான கறியும் சாம்பாரும் 4 டிகிரி பிரிட்ஜில் இருக்கட்டும். 3 நாள் தாங்கும். புதன் முதல் வெள்ளிக்கிழமை வரைக்கானது மட்டும் பிரீசருக்கு. அப்படியும் 3 கிலோவுக்கு மேல் வந்தால் சமையலையே சனி, ஞாயிறு என்று இரண்டாகப் பிரியுங்கள்.

ஆற வைக்கும் முறை: சிங்க்கில் தண்ணீர் நிரப்பி இரண்டு தட்டு ஐஸ் கட்டி கொட்டுங்கள். கறியைப் பெரிய சட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் அகலப் பாத்திரங்களில் மாற்றி அதில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள், ஐஸ் கரைந்தால் புதிது போடுங்கள். ஆவி அடங்கியதும் ஜிப் பைகளில் ஆளுக்கு 300 கிராம், காற்றை வெளியேற்றி 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக. புத்தகம் மாதிரி அடுக்கலாம், சீக்கிரம் உறையும், இளகுவதும் சீக்கிரம். பை மேல் தேதி எழுதுங்கள், இல்லையென்றால் மூன்றாம் மாதம் எது சாம்பார் எது பருப்பு என்று தெரியாது. சோற்றையும் இப்படியே 200 கிராம் தட்டைப் பைகளாக.

உருளையைச் சேர்க்காதீர்கள், அன்றன்றைக்கு வேக வைத்துப் போடுங்கள். சந்தானும் சூடாக்கும்போதுதான். சாம்பாருக்குத் தாளிப்பு கடைசியில். உறைந்த சாம்பார் கெட்டிப்படும், அரை கப் சுடுதண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

பூச்சோங்_பட்ஜெட்:
நன்றி அக்கா. வேலையிடத்து மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஐஸ் இருக்கிறது. அதற்கு?

செந்தூல்_சமையற்கட்டு:
முந்தின இரவே பிரிட்ஜ் கீழ்த் தட்டில் இறக்கி இளக விடுங்கள், மேசை மேல் அல்ல. பையோடு சூடாக்காதீர்கள்; எண்ணெய் மிதக்கும் கறி 100 டிகிரியைத் தாண்டும், மெல்லிய பிளாஸ்டிக் உருகிவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி லேசாக மூடி 2 நிமிடம், கிளறி மறுபடி 2 நிமிடம், அப்புறம் 2 நிமிடம் சும்மா விடுங்கள். சூடு ஓரத்திலிருந்து நடுவுக்குப் போக அந்த நேரம் வேண்டும். நடுவில் 75 டிகிரி வர வேண்டும். அளவி இல்லையென்றால் நடுப்பகுதியே குமிழி விட்டுக் கொதிக்கட்டும், ஆவி வந்தால் போதாது. சோற்றுக்கு ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

டிகிரி_வாத்தியார்:
இன்னொன்று. மழையில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருங்கள். நிரம்பிய பிரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் தாங்கும். வீட்டில் ஆள் இல்லாதபோது போய்வந்ததா என்று தெரிய, ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் 20 சென் காசை வையுங்கள். காசு அடியில் கிடந்தால் எல்லாம் ஒருமுறை இளகி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தனையையும் கொட்டிவிடுங்கள்.

பிறை_மண்சட்டி:
காசு வித்தை நல்லாருக்கு. சரி, கோழியும் சாம்பாரும் உங்க வழிக்கே விடுறேன். மீன்ல மட்டும் இறங்கிவரமாட்டேன். உறைஞ்ச குழம்பைக் கிளறினா கெம்போங் உதிர்ந்து முள்ளோட கலந்துடும், சின்னப் பிள்ளைங்க எப்படிச் சாப்பிடும்?

டிகிரி_வாத்தியார்:
மீனில் நானும் உங்கள் கட்சி, காரணம் வேறு. கெம்போங் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் ஏறும். முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. பாசாரில் (சந்தையில்) ஐஸுக்குள் புதைத்து வைத்திருப்பவரிடம் மட்டும் வாங்கி, வீடு சேரும் வரை ஐஸிலேயே கொண்டுபோங்கள்.

பிறை_மண்சட்டி:
அப்போ இப்படிச் செய்யுங்க பூச்சோங். மீன் போடாம புளிக்குழம்பை மட்டும் கொதிக்க வெச்சு, வாத்தியார் சொன்ன மாதிரி ஆற வெச்சு உறைய வைங்க. மீனைக் கழுவி, ஒரு வேளைக்கு நாலு துண்டுன்னு தனிப் பையில அன்னைக்கே பிரீசருக்கு. வேணுங்கிற அன்னைக்கு மீனை பிரிட்ஜ்ல இளக வெச்சு, கொதிக்கிற குழம்புல போட்டு மிதமான தீயில எட்டு நிமிஷம். கரண்டி போடாதீங்க, சட்டியை ரெண்டு கையால பிடிச்சு ஆட்டுங்க.