குழந்தை தலையில் மஞ்சள் பொருக்கு: தினமும் எண்ணெய் வெச்சும் போகலை

கேள்வி (பாலக்கோடு):
ரெண்டு மாசக் கைக்குழந்தை. உச்சியில மஞ்சளா, பிசுபிசுன்னு பொருக்கு தட்டியிருக்கு. அரிப்பு இல்லை, பால் நல்லாக் குடிக்கிறான். தினமும் விளக்கெண்ணெய் வெச்சு, பாசிப்பயறு மாவு தேச்சு, போர் தண்ணியில ஊத்துறோம். குறையாம தடிச்சுக்கிட்டே வருது. அஞ்சாம் மாசம் தீர்த்தமலையில மொட்டை போட்டா போயிடும்னு வீட்ல சொல்றாங்க. சரிதானா?

பதில் (காரிமங்கலம்):
இது கிரேடில் கேப் மாதிரிதாங்க தெரியுது. அழுக்கால வர்றதில்லை, அடுத்தவங்களுக்குத் தொத்தவும் தொத்தாது. தலைத்தோல்ல எண்ணெய் கூடுதலா சுரக்கும். தோல்ல எப்பவும் இருக்குற மலசீசியா பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் சாப்பாடு. பெரும்பாலும் சில மாசத்துல தானாவே போயிடும்.

எண்ணெய் வைக்கிறது பொருக்கை ஊற வைக்க மட்டும்தான். அது தலையிலேயே தங்கினா செதில் மேல செதில் ஒட்டிக்கும். விளக்கெண்ணெய் ரொம்ப கெட்டி, ஒரு தடவை அலசினா போகாது. தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத பேபி ஆயிலோ ஒரு டீஸ்பூன் போதும். பொருக்கு மேல மட்டும் தடவி 15, 20 நிமிஷம் விடுங்க. அப்புறம் மெத்துனு இருக்குற குழந்தை பிரஷ்ஷால ஒரு நிமிஷம் மெதுவா சுத்திச் சுத்தி வாருங்க. வர்றது வரட்டும், மிச்சம் அடுத்த தடவை. நகத்தால பிச்சா புண்ணாகி சீழ் வைக்கும். கடைசியா குழந்தை ஷாம்பு கொஞ்சமா போட்டு, பிசுக்கு போற வரைக்கும் அலசுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம். குறைஞ்சதும் வாரம் ரெண்டு தடவை போதும்.

பயத்தமாவை நிறுத்திடுங்க. செதிலுக்குள்ள போய் களி மாதிரி அப்பிக்கும். சீயக்காயும் வேண்டாம், கண் எரியும்.

பதில் (ஊத்தங்கரை):
தண்ணியையும் பாருங்க. நம்ம பக்கம் நிறைய போர்ல உப்பு ஜாஸ்தி. அதுல சோப்பு போட்டா நுரைக்காம வெள்ளையா திரிஞ்சு தோல்லயே படியும். கடைசி ரெண்டு சொம்பு மட்டுமாவது ஒகேனக்கல் குழாய்த் தண்ணியில வெதுவெதுப்பா ஊத்துங்க. முழங்கையில ஊத்திப் பார்த்தா சூடு தெரியக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
உச்சிக்குழி மேல பிரஷ் படலாங்களா? அங்கதான் அதிகமா இருக்கு.

பதில் (காரிமங்கலம்):
படலாங்க. அமுக்காம வாரினா ஒண்ணும் ஆகாது. பயந்து அந்த இடத்தை விட்டுடறதாலதான் அங்கேயே தடிச்சுப் போகுது.

மொட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பொருக்கு தோல்ல இருக்கு, முடியில இல்லை. வேண்டுதல்னா தாராளமா போடுங்க, ஆனா தலை சுத்தமான பிறகு. பொருக்கு மேல கத்தி ஓடினா வெட்டுப்படும்.

பதில் (ஓசூர்):
பெரியவங்க பொடுகு ஷாம்புவை எடுத்துப் போட்டுடாதீங்க. சிலதுல சாலிசிலிக் ஆசிட் இருக்கும், அது குழந்தை தோல் வழியா உடம்புக்குள்ள போகும். கீட்டோகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு களிம்பு எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும்தான்.

தோல் சிவந்து நீர் கசிஞ்சாலோ, நாத்தம் அடிச்சாலோ, வட்டமா முடி கொட்டினாலோ, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்குக்குப் பரவினாலோ எண்ணெயை நிறுத்திட்டுக் குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. காய்ச்சலும் சேர்ந்துட்டா அன்னைக்கே போயிடணும்.