உயிருள்ள செல்லில் ஆர்என்ஏவைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குழித்துறையிலிருந்து:

நான் ஆராய்ச்சி மாணவி. தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய், அங்கே ஒரு ஆய்வகத்தில் மனித செல்களை வளர்க்கிறேன். ஒரு எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) செல்லுக்குள் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதை செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆர்என்ஏ தானாக ஒளிராது என்பதால் எம்எஸ்2 முறையை எடுத்தோம்.

எம்எஸ்2 என்பது ஈ.கோலி பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதன் உறைப் புரதம் தன் ஆர்என்ஏவில் இருக்கும் ஒரு கொண்டை ஊசி மடிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய ஜீனில் புரதக் குறியீடு முடிந்த பிறகு அந்த மடிப்பை வரிசையாக 24 தடவை வைத்தது ஒரு பிளாஸ்மிட் (செல்லுக்குள் ஜீனைக் கொண்டுபோகும் வட்ட டிஎன்ஏ). உறைப் புரதத்தோடு ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டியது இன்னொன்று. ஒரு மடிப்பில் இரண்டு புரதங்கள் ஜோடியாக உட்காரும். அப்படியானால் ஒரே ஆர்என்ஏவில் 48 ஜிஎஃப்பி வரை சேரலாம். தனி ஆர்என்ஏ ஒன்று புள்ளியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். எம்எஸ்2 முறையை 1998இல் ஈஸ்டில் முதலில் செய்து காட்டினார்கள்.

வேலையைக் கெடுப்பது ஆர்என்ஏவில் ஒட்டாமல் மிதக்கும் ஜிஎஃப்பி. செல் முழுக்கப் பச்சையாக இருந்தால் புள்ளி எங்கே தெரியும்? அதற்காகத்தான் அந்தப் புரதத்தில் நியூக்ளியஸுக்குப் போகச் சொல்லும் ஒரு அடையாளத்தைச் சேர்க்கிறார்கள். ஒட்டாதது உள்ளே போய்விடும், சைட்டோபிளாசம் இருட்டாகிவிடும். புரோமோட்டரும், அதாவது ஜீன் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதியும், மெதுவானதாக இருப்பது நல்லது. சிஎம்வி போன்ற வேகமான ஒன்றைப் போட்டால் புரதம் தேவைக்கு மேல் குவிந்துவிடும்.

சரியாக அமைந்த நாளில், முட்டத்தில் நிலா இல்லாத ராத்திரியில் வள்ளங்களின் விளக்குகள் தெரிவது போல, கறுப்பில் பச்சைப் புள்ளிகள் நகர்ந்தன. ஸ்கிரீனை விட்டு எழும்ப மனசே வரவில்லை. அப்புறம் செல்லை வாட்டும் சோடியம் ஆர்சினைட் என்ற நச்சைக் கொடுத்தோம். செல் நெருக்கடியில் ஆனதும் சில புள்ளிகள் ஸ்ட்ரெஸ் கிரானியூலுக்குள் (நெருக்கடியில் ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்து உருவாகும் திரள்) போய் அசையாமல் நின்றன. பாடத்தில் படித்தது கண்முன்னே நடக்கிறது!

ஒன்றை மட்டும் விடாதீர்கள். மடிப்பே இல்லாத ஆர்என்ஏவோடு அதே ஜிஎஃப்பியைப் போட்ட செல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் புள்ளி வந்தால் நீங்கள் பார்ப்பது ஆர்என்ஏ இல்லை.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, நான் ஈ.கோலிக்குள் பிளாஸ்மிட் வளர்க்கிற பக்கத்து ஆள். ஒரே மாதிரி 24 மடிப்பு வரிசையாக இருந்தால் ஈ.கோலி அதில் சிலதை வெட்டித் தள்ளிவிடும். எங்களுக்கு வந்த ஒரு டியூபில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஜெல்லில் ஓட்டியதும் அந்தத் துண்டு இருக்க வேண்டிய நீளத்துக்கு வெகுவாகக் குறைவு. இப்போது மறுசேர்க்கை (டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் வேலை) குறைந்த எஸ்டிபிஎல்3 என்ற ஈ.கோலி வகையில், 30 டிகிரியில் வளர்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் என்சைமால் வெட்டி நீளம் பார்த்த பிறகுதான் செல்லுக்குக் கொடுப்போம். மடிப்புகளின் எழுத்து வரிசையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அமைத்த பிளாஸ்மிட்களும் உண்டு. அவை இந்தத் தொல்லையை நன்றாகவே குறைக்கின்றன.

தக்கலையிலிருந்து:

எங்கள் ஆர்என்ஏ ரொம்பச் சின்னது. 24 மடிப்பு ஆயிரம் எழுத்துக்கு மேல் வரும், வால் உடம்பைவிடப் பெரிதாகிவிடும். அதனால் பிரோக்கோலி அப்டாமரை, அதாவது ஒரு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் சின்ன ஆர்என்ஏ மடிப்பை, சேர்த்தோம். டிஎஃப்ஹெச்பிஐ என்ற சாயம் அதில் ஒட்டினால்தான் நன்றாக ஒளிரும், எனவே மிச்சச் சாயம் பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் தனித்தனிப் புள்ளி எங்களுக்குக் கிடைக்கவில்லை, மொத்தமாக ஒரு வெளிச்சம்தான். ஒற்றை எம்ஆர்என்ஏவைத் தொடர வேண்டும் என்றால் அக்கா சொன்ன எம்எஸ்2தான் என் கட்சியும்.